பட்டியலில் இல்லாத உணவு

பெட்டி பூட்டிக்கொண்டது மூன்று ஐம்பத்திரண்டுக்கு. அழைப்பு வந்தது நான்கு ஐந்துக்கு.

“நல்லரண் காப்பீடு, பத்தியப் பிரிவு. நேத்ரா பேசறேங்க.”

“பெட்டி தொறக்க மாட்டேங்குதுங்க.” பெண் குரல். மூச்சு வாங்கியது. “செவப்பு லைட்டு எரியுது. பாப்பா கண்ணே முழிக்க மாட்டேங்கறா. நாலே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வந்துரும். அதுக்குள்ள பவுடரை எடுத்தாகோணுங்க.”

நேத்ரா பயனாளர் எண்ணைக் கேட்டாள். திரையில் அந்த வீடு வந்தது. வெள்ளகோவில். ஆதிரை, ஐந்து வயது. தாய் பிரதீபா, நூல் மில்லில் அலுவலகப் பணி. தந்தை லாரி ஓட்டுநர்.

ஆதிரையின் நோய் பிறவியிலேயே வந்தது. சாப்பிடும் புரதத்தை உடம்பு துண்டு துண்டாக உடைக்கும். அந்தத் துண்டுகளில் மூன்றை மட்டும் அவள் உடம்பால் அதற்குமேல் கரைக்க முடியாது. மூன்றில் மோசமானது லூசின். அது இரத்தத்தில் தேங்கினால் மூளை வீங்கும். அதனால் பருப்பு, பால், முட்டை எதுவும் கூடாது. சோறுகூட அளந்துதான். அந்த மூன்று துண்டுகளையும் நீக்கிச் செய்த பவுடர்தான் அவளை வளர்த்துக்கொண்டிருந்தது. நாளுக்கு ஐந்து பொட்டலம்.

பொட்டலங்கள் சமையலறைச் சுவரில் நல்லரண் மாட்டியிருந்த பெட்டிக்குள் இருந்தன. குழந்தையின் மேல்கையில் ஒட்டிய வில்லை இரத்தத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பெட்டிக்குச் சொல்லும். அளவு சரியாக இருந்தால் பெட்டி திறக்கும்.

இன்று லூசின் கோடு சுவர்போல் ஏறியிருந்தது. கீழே, அளவுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கணிப்பான் மென்பொருளின் முடிவு: பத்திய மீறல். அனுமதி இல்லாத உணவு உட்கொள்ளப்பட்டுள்ளது.

“அக்கா, பாப்பா என்ன சாப்பிட்டாங்க?”

“ஒண்ணுமில்லீங்க.”

எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். இந்த வேலையில் நேத்ராவுக்கு ஒன்றரை வருடம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பெற்றோர் மறுப்பார்கள், அது பொய்யல்ல, வெட்கம். நேத்ராவுக்கு அதட்டத் தெரியாது. அதனால் அவள் வேறு வழி வைத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தப்பில்லைங்கக்கா, புள்ளை கேட்டா யாருக்குத்தான் மனசு தாங்கும் என்பாள். பிறகு திரையில் இருக்கும் நானூறு உணவுகளின் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாகப் படிப்பாள். ஏதோ ஒன்றில் அவர்கள் நிற்பார்கள். ஆமாங்க, அதுவாத்தான் இருக்கும் என்பார்கள். அவள் பதிந்துகொள்வாள். பெட்டி திறக்கும். பிரிவிலேயே சீக்கிரம் முடியும் அழைப்புகள் அவளுடையவை.

பட்டியலைத் திறக்கக் கை போனது. அதற்குள் பிரதீபாவே சொன்னாள்.

“பொட்டுக்கடலைன்னு போட்டுக்குங்க.”

“பொட்டுக்கடலை குடுத்தீங்களா?”

“போன தடவை அப்படித்தானுங்க சொன்னேன். உடனே தொறந்துச்சு.”

“இந்தத் தடவை குடுத்தீங்களா அக்கா?”

“நீங்க போட்டுக்குங்களேன். எதையாச்சும் போடுங்க. தொறக்கட்டும்.”

நேத்ரா திரையின் வலது ஓரத்தைப் பார்த்தாள். முந்தைய மீறல்கள்: இரண்டு. தையில் பால். ஆனியில் பொட்டுக்கடலை. இரண்டுக்கும் கீழே பதிவு செய்தவர் பெயர் நேத்ரா என்றிருந்தது. இரண்டையும் அவளுக்கு நினைவில்லை.

“அக்கா, இது மூணாவது தடவை. மூணாவதா நீங்க ஒத்துக்கிட்டா இன்னைக்கு ஒரு நாளுக்கு மட்டும் தொறக்கும். அப்புறம் ஒரு வருஷம் பவுடர் வராது.”

“ஒரு வருஷமா?”

“ஆமாங்கக்கா.”

“கடையில கேட்டா எங்குமே இல்லைங்கறாங்க. எல்லாம் உங்க பெட்டிக்குத்தான் வருதாம்.” குரல் இறங்கியது. “செரி, நான் ஒத்துக்கலைன்னா?”

“குழு விசாரிக்கும். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் பெட்டி பூட்டியே இருக்கும்.”

“ரெண்டு நாளா? இவளைப் பாத்தீங்கன்னா இப்படிச் சொல்ல மாட்டீங்க மேடம். கோயமுத்தூர் டாக்டரம்மா கையோட பவுடர் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. ஆசுபத்திரியில இல்லைங்கறாங்க. குளுக்கோஸ் ஏத்தலாம், ஆனா பவுடர் உள்ள போனாத்தான் எறங்குமாம்.”

அது உண்மை என்று நேத்ராவுக்குத் தெரியும். உயிர்வேதியியல் படித்தவள். கூடிப்போன லூசினை இறக்க அந்தப் பவுடர்தான் வேண்டும்; அது கிடைத்தால்தான் உடம்பு லூசினையும் சேர்த்துப் புதுத் தசை கட்டும். லூசின் கூடிவிட்டது என்பதற்காகத்தான் பெட்டி அதைப் பூட்டியிருந்தது. இந்த விதியைப் பற்றி அவள் இதுவரை இப்படி யோசித்ததில்லை.

மணி நான்கு பதினொன்று.

“அக்கா, காதுக்குப் பக்கத்துல மோந்து பாருங்க. என்ன வாசனை வருது?”

துணி உரசும் ஓசை.

“பாகு காய்ச்சற மாதிரி.” மறுபடி மூச்சை இழுக்கும் ஓசை. “ரொம்ப இருக்குதுங்க.” இந்த நோய் முற்றும்போது உடம்பிலிருந்து வரும் வாசனை அது.

“காய்ச்சல் இருக்கா?”

“நூத்தி ரெண்டு. முந்தாநாள்ல இருந்துங்களாம். நான் ஊர்ல இல்லைங்க. மில்லுல ரெண்டு நாள் பயிற்சின்னு சேலம் அனுப்பியிருந்தாங்க. மத்தியானந்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரரோட அக்காதான் பாத்துக்கிட்டாங்க.”

நேத்ரா பழைய இரண்டு மீறல்களையும் திறந்தாள். வில்லை தோலின் வெப்பத்தையும் அளக்கும். கணிப்பான் அதைக் கண்டுகொள்வதில்லை. ‘பிற’ என்ற தலைப்பின் கீழே தள்ளிவிடும். தையில் நூற்றுமூன்று. ஆனியில் நூற்றிரண்டு. இன்றும் காய்ச்சல்.

மூன்று முறையும் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு யாராவது பாலும் பொட்டுக்கடலையும் கொடுப்பார்களா?

“அக்கா, தையில நிஜமாவே பால் குடிச்சாங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நீங்க படிச்சுக்கிட்டே வந்தீங்க. ஏதாச்சும் ஒண்ணைச் சொன்னாத்தான் தொறக்கும்னு தோணுச்சு. பால்னு வந்தப்ப ஆமான்னுட்டேன். நீங்க நல்லா பேசுனீங்க. அதான் இன்னைக்கும் நீங்களே எடுக்கோணும்னு வேண்டிக்கிட்டேன்.”

நேத்ரா அதைப் பற்றி நினைக்க விரும்பவில்லை. நேரமும் இல்லை.

“உங்க நங்கையா, அதான் வீட்டுக்காரரோட அக்கா, பக்கத்துல இருக்காங்களா? சத்தமா வைங்க போனை.”

ஒலிபெருக்கி போட்டதும் ஒரு அகலமான, கனத்த குரல் வந்தது. “சொல்லு அம்மிணி. நான் சுலோச்சனா.”

“அம்மா, ரெண்டு நாளா பாப்பாவுக்கு என்ன குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க. திட்ட மாட்டேன்.”

“மறைக்கறதுக்கு என்ன இருக்குது? ஒரு பருக்கை குடுக்கலை. எம்மேல ஆணை. இவ போறப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னா, நங்கையா அது கூடாது, இது கூடாதுன்னு. என்னைய என்ன புத்தி இல்லாதவன்னு நெனச்சாளாட்டம் இருக்குது. பக்கத்து வீட்டுல கொலுன்னு சுண்டல் கொண்டாந்து நீட்டுனாங்க. வாசப்படியிலயே நிக்கவெச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். பெட்டி பொய் சொல்லுது கண்ணு.”

“பவுடர் அஞ்சு வேளையும் குடிச்சாங்களா?”

“அதெப்புடி அம்மிணி, காய்ச்சலோட?”

நேத்ரா பெட்டியின் பதிவைத் திறந்தாள்.

“காய்ச்ச அடிக்கறப்ப வயித்துக்குக் குடுத்தா அது மண்டைக்கு ஏறிக்கும். எங்கூட்டுல எல்லாத்துக்கும் அப்படித்தான். ரெண்டு நாள் வயித்தைக் காயப்போட்டா தன்னால எறங்கிரும். சுடுதண்ணி குடுத்தேன். சீரகம் போட்டு. ரொம்ப சொணங்குனா, சீனித்தண்ணி ரெண்டு வாட்டி குடுத்தேன்.”

“பொட்டலத்தை எல்லாம் என்ன பண்ணுனீங்க?” இது பிரதீபா.

“எடுக்காட்டி அந்தச் சனியன் கத்துது. காலிக் கவரைத் திருப்பி வெக்காட்டியும் கத்துது. அதான் எடுத்து, தொட்டியில ஊத்திப்போட்டு, கவரை உள்ள வெச்சேன்.”

“நங்கையா! அது மருந்து!”

“மருந்தா? அஞ்சு வருசமா டம்ளர்ல கலக்கி, கண்ணு சோறு குடிக்கலாம் வான்னு கூப்புடறது நீதானே?”

பாத்திரம் ஒன்று விழும் சத்தம். யாரோ அடக்கிக்கொண்டு அழுவது கேட்டது; எவர் என்று தெரியவில்லை.

நேத்ரா கண்களை மூடிக்கொண்டாள். இப்போது அவளுக்குப் புரிந்தது. பெட்டியின் பதிவில் பத்துப் பொட்டலமும் குடிக்கப்பட்டிருந்தன. குடித்தும் லூசின் ஏறினால் குழந்தை வேறு எதையோ தின்றிருக்க வேண்டும் என்பது கணிப்பானின் முடிவு. குழந்தை எதையும் தின்னவில்லை. சாப்பாடு நின்றதும், காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, உடம்பு தன் தசையையே உடைக்கத் தொடங்கிவிட்டது. தசையும் புரதந்தான். அதிலும் லூசின் இருக்கிறது.

“அம்மா,” என்றாள். “சீனித்தண்ணி குடுத்தீங்கல்ல, அது நல்லது. அதுதான் இவ்வளவு நேரம் தாங்கியிருக்கு. இப்பவும் முழுங்க முடிஞ்சா ஸ்பூன்ல குடுங்க. முழுங்கலைன்னா கட்டாயப்படுத்தாதீங்க, புரை ஏறிரும். போனை வெக்காதீங்க. நான் இப்ப வந்துடறேன்.”

மணி நான்கு பத்தொன்பது.

பிரிவுத் தலைவர் குழந்தைவேல் சாரின் அறை தளத்தின் கோடியில் இருந்தது. நேத்ரா அங்கே தானாகப் போனது இதுவரை இரண்டு முறை. ஒருமுறை விடுப்புக்காக. ஒருமுறை அவர் பாராட்டக் கூப்பிட்டார். காதுப்பேசியைக் கழற்றாமல் கதவைத் தட்டினாள்.

சொல்லிமுடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அவர் குறுக்கிடவில்லை.

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். நம்ம விதிக்கு ஏன் பத்திய விதின்னு பேர் வந்துச்சு, தெரியுமா?”

“சார், ஆம்புலன்ஸ்...”

“தெரியும். பத்து வருசம் நாங்க கோர்ட்டுல நின்னோம். இது சாப்பாடு, மளிகைக்கடை சமாச்சாரம், காப்பீட்டுல வராதுன்னு. கோர்ட்டு இது மருந்துன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. செரி, மருந்துன்னா பத்தியம் உண்டுல்ல? பத்தியம் முறிச்சா மருந்து எதுக்கு? அப்படி வந்ததுதான் இந்தப் பெட்டி. இப்ப அந்தம்மா இது சாப்பாடுன்னு தொட்டியில ஊத்தியிருக்கு.” அவர் சிரிக்கவில்லை. “உங்கிட்ட என்ன ஆதாரம் இருக்குது? அந்தம்மா வாய்வார்த்தை. தப்பிக்கறதுக்கு யாரு வேணாலும் பட்டினி போட்டேன்னு சொல்லலாம்.”

“தசைக் கோடு இருக்கு சார்.”

“என்ன கோடு?”

அவர் திரையிலேயே அந்த வரைபடத்தைத் திறந்தாள். லூசினின் சிவப்புக் கோட்டுக்கு அடியில் யாரும் பார்க்காத சாம்பல் கோடு ஒன்று. “வில்லை இதையும் அளக்குது. தசை உடைஞ்சா மட்டும் இரத்தத்துக்கு வர்ற பொருள் இது. பருப்புல கிடையாது. பால்ல கிடையாது. எந்தச் செடியிலயும் கிடையாது. முந்தாநாள்ல இருந்து ஏறிக்கிட்டே இருக்கு.”

“தசைன்னா கறியிலயும் இருக்குமே?”

“இருக்கும்.”

“அப்ப கறி தின்னுருக்கலாம்.”

நேத்ரா காதுப்பேசியைத் தொட்டாள். “அக்கா, வீட்டுல கறி, மீன், முட்டை ஏதாவது சமைச்சீங்களா?”

“புரட்டாசிங்க!” சுலோச்சனாவின் குரல்தான் முதலில் வந்தது. “புரட்டாசியில எங்கூட்டுல கறிச்சட்டியைக் கழுவிப் பரண் மேல ஏத்திருவோம். இந்தத் தெருவுல மோந்து பாத்தாக்கூட கிடைக்காது. இதென்ன கேள்வி?”

குழந்தைவேலுக்கும் கேட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“புரட்டாசியை ஆதாரம்னு எழுதப் போறியா?”

“ஆமா சார்.”

“கணிப்பானுக்குப் புரட்டாசி தெரியாது.”

“அதுக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்ல?”

இப்படி அவள் யாரிடமும் பேசியதில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மணி நான்கு இருபத்தெட்டு.

“உக்காரு. கேளு. ஒரு நிமிசந்தான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “முத வருசம் கணிப்பான் இப்படி இல்லை. காய்ச்சலோட லூசின் ஏறினா, சந்தேகம்னு டாக்டருக்கு அனுப்பிரும். அப்புறம் நம்ம வாக்குமூலம் எல்லாம் அதுக்குள்ள போச்சு. காய்ச்சல், லூசின் ஏத்தம், கடைசியில பால். காய்ச்சல், லூசின் ஏத்தம், பொட்டுக்கடலை. ஒவ்வொரு தடவையும் யாரோ எதையோ குடுத்தேன்னு ஒத்துக்கறாங்க. ஆறு மாசத்துல அது கத்துக்கிச்சு. இப்ப டாக்டரைக் கேக்கறதே இல்லை.”

நேத்ரா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அதுல யாரோட வாக்குமூலம் அதிகம்னு நான் சொல்லணுமா? நீ திறமையா பேசறேன்னு மீட்டிங்குல நானே சொன்னேன்.” அவர் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். “மறுகணிப்பு போடு. காரணம் எழுது. நான் கைரேகை வெக்கறேன், பெட்டி தொறக்கும், இது மீறல்லயும் சேராது. ஆனா காரணத்துல உடம்பே உடைஞ்சதுன்னு எழுதினா, இதே மாதிரி கோடு இருக்கற பழசை எல்லாம் அது தோண்டி எடுக்கும். அத்தனையிலயும் உம் பேரு இருக்கும். கருவி கோளாறுன்னு எழுதினா பழசைத் தொடாது. ஆனா நாளைக்கு இன்னொரு வீட்டுல இதே மாதிரி பூட்டும். எதை எழுதறேங்கறது உன் இஷ்டம். நான் பாக்கலை.”

அவர் நிஜமாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காதில் பிரதீபா யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். மாரியம்மன் கோயில் தாண்டி, எண்ணெய் மில்லுக்கு எதிர்ச் சந்து. வண்டி ஊருக்குள் வந்துவிட்டது.

மறுகணிப்புப் படிவத்திலும் ‘உணவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட முடியாது. நேத்ரா பட்டியலை ஓட்டினாள். நானூறு பெயர். அகத்திக்கீரை முதல் ஜவ்வரிசி வரை. எதுவும் சாப்பிடவில்லை என்று ஒரு வரி இல்லை. பட்டினியை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

‘பட்டியலில் இல்லாதது’ என்பதைத் தேர்ந்து, எதிரே தட்டினாள்: உணவு இல்லை. காய்ச்சலில் இரண்டு நாள் பட்டினி. பவுடரும் தரப்படவில்லை. குழந்தையின் சொந்தத் தசை உடைந்து லூசின் ஏறியது. இது பத்திய மீறல் அல்ல. உடனே பவுடர் தேவை.

ஆதாரம் என்ற இடத்தில் தசைக் கோட்டையும், புரட்டாசி விரதத்தையும் எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. “சார்” என்றாள்.

அவர் படித்தார். படிக்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். பிறகு கட்டைவிரலை வைத்தார்.

நான்கு முப்பத்தாறு. ஒன்றும் நடக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு முப்பத்தேழு. காதில் ஆம்புலன்ஸின் ஊதல் மெல்லக் கேட்கத் தொடங்கியது. நான்கு முப்பத்தெட்டு.

“தொறந்துச்சு! பிரதீபா, பச்ச லைட்டு! அள்ளுடி, எல்லாத்தையும் அள்ளு!”

தொடர்ந்து காலடிகள், கதவு, ஆண் குரல்கள். யாரும் நேத்ராவிடம் எதுவும் சொல்லவில்லை. அழைப்பு எப்போது துண்டானது என்று அவளுக்குத் தெரியவில்லை. காதுப்பேசியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மூன்று நாட்கள் அவள் ஆதிரையின் லூசின் கோட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். முதல் நாள் அது இறங்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் லேசாகச் சாய்ந்தது. மூன்றாம் நாள் காலை பிரதீபாவிடமிருந்து ஒரு செய்தி: பாப்பா உங்க பேரை எழுதிப் பாத்தா. நே வரலை. கூடவே ஒரு படம். மருத்துவமனைத் தாளில் கொம்பு இல்லாத ந.

அன்று மாலை மறுகணிப்பு முடிவு வந்தது. விதி திருத்தப்பட்டுவிட்டது. இனிமேல் காய்ச்சலோடு லூசின் ஏறினால் பெட்டி பூட்டாது, மருத்துவருக்குப் போகும். அதற்குக் கீழே, தசைக் கோடு ஏறியிருந்தும் வேறு உணவு பதிவான பழைய வாக்குமூலங்களின் பட்டியல். முப்பத்தொன்று. பதிவு செய்தவர் நேத்ரா.

குழந்தைவேல் சார் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. “நீயே கூப்பிட்டுச் சொல்லிரு” என்றார். “சட்டப் பிரிவு ஒரு வாசகம் குடுத்திருக்கு. அதைப் படிச்சா போதும். மன்னிப்புன்னு மட்டும் எதுவும் சொல்லிராதே.”

வாசகம் இரண்டே வரி. தங்கள் வாக்குமூலத்தில் கண்ட உணவு அளிக்கப்படவில்லை என உறுதியாகிறது. தங்கள் பெயரிலுள்ள மீறல் நீக்கப்படுகிறது.

முதல் நாள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டாள். சிலர் திட்டினார்கள். அவளுக்கு அது எளிதாக இருந்தது. பவானியில் ஒரு தகப்பன், “அப்ப ஒரு வருசமா எம் பொண்டாட்டிய நான் பேசுன பேச்சுக்கெல்லாம் என்னங்க பண்றது?” என்று கேட்டான். அவள் வாசகத்தை இன்னொரு முறை படித்தாள். ஒருத்தி, “நாங்கதான் அன்னைக்கே சொன்னோமே” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பத்தொன்பதாவது, கோபி ஊரில் ஒரு வீடு. தாய் கோகிலவாணி. மகள் இனியா, நான்கு வயது. போன கார்த்திகையில் பதிந்த வாக்குமூலம். உணவு என்ற இடத்தில் தயிர்சாதம், ஒரு வாய். அழைப்பு நீடித்தது ஐந்து நிமிடம். பெட்டி திறந்தது. அதற்கு அடுத்த வரியை நேத்ரா இதுவரை பார்த்ததில்லை. வாக்குமூலம் பதிந்தால் அவள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது வேறு பிரிவுக்குப் போகும்.

மறுநாள் காலை: பயனாளர் மறைவு.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவை முழுதாகக் கேட்டாள். பிறகு வாசகம் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எண்ணை அழுத்தினாள்.

“நல்லரண்ல இருந்து பேசறேங்க. நேத்ரான்னு பேர்.”

“தெரியுதுங்க.” வயது தெரியாத குரல். “குரல் நாபகம் இருக்குது. அன்னைக்கு எங்கூட நல்லா பேசுனீங்க.”

“அக்கா, அன்னைக்கு இனியாவுக்கு என்ன ஆச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. அவங்களுக்குக் காய்ச்சல். சாப்பிட முடியலை. சாப்பிடாததாலதான் அப்படி ஆச்சு. நீங்க எதுவும் தப்பாக் குடுக்கலை. உங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்கக்கா. என்னை மன்னிச்சுருங்க.”

அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

“இல்லீங்க. குடுத்தனுங்க. ஒரு வாய் தயிர்சாதம்.”

“அது நான் பட்டியல்ல இருந்து படிச்சதுங்கக்கா. நீங்க ஆமான்னு மட்டுந்தான் சொன்னீங்க. பதிவு இருக்கு. கேட்டேன்.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நான்தானே பெசஞ்சேன்.” அவள் கோபப்படவில்லை. சிறு பிள்ளைக்கு விளக்குவதுபோல் சொன்னாள். “சின்ன எவர்சில்வர் கிண்ணம். உப்புப் போடலை. அவ வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுனா. நெலாவைக் காட்டி ஒரு வாய் ஊட்டினேன். முழுங்கிட்டுச் சிரிச்சா. எங்க வீட்டுல யாரும் எங்கூடப் பேசறதில்லீங்க, அதனாலதான் அவ போயிட்டான்னு. பேசாட்டிப் போகட்டும்.”

“அக்கா, கோடு பொய் சொல்லாதுங்க. அன்னைக்கு அவங்க வயித்துல எதுவுமே...”

நேத்ரா நிறுத்திக்கொண்டாள். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. திருத்தம் ஏற்கப்பட்டது. திருத்தம் மறுக்கப்பட்டது.

“எம் புள்ள பட்டினியா போகலைங்க,” என்றாள் கோகிலவாணி. “அதை மட்டும் அழிச்சுப்போடாதீங்க.”